ஓனர் வீட்டு வாஷிங் மெஷின்

ஜூலை 12, சனி.

கிரெடிட் கார்ட் பில்லில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. மனைவி திவ்யாவிடம் கேட்டேன்.

“அது கீழ ஓனர் அண்ணாவுக்கு. நம்ம கார்டுக்குத்தான் ஆஃபர். அவர் அப்பவே கேஷ் கொடுத்துட்டாரு.”

“கேஷ் எங்க?”

“செலவாயிடுச்சுப்பா. கையில இருந்தா நிக்குமா?”

போன மாதம் இப்படித்தான் எதிர் வீட்டு அக்காவின் ஏசி. பிளாட் வாங்கச் சேர்த்த பணத்தில் கட்டினேன். இனிப் பேசிப் பயனில்லை என்று ஆப்பில் கார்டின் லிமிட்டைக் குறைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஓனரே மேலே வந்தார், கையில் ரொக்கத்துடன். “இன்னா தம்பி, லிமிட்ட கொறச்சிட்டியாமே? ஃப்ரிட்ஜ் ஆஃபர் நாளையோட முடியுதுப்பா.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாஷிங் மெஷின் பில்லுக்கும் நாளைதான் கடைசி நாள். பணத்தை வாங்கிக்கொண்டேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டெபாசிட் மெஷினில் போட்டுப் பில்லைக் கட்டினேன். லிமிட்டைப் பழையபடி ஏற்றினேன். ராத்திரி திவ்யா தோசைக்கு நெய் கூடுதலாக விட்டாள்.

அடுத்த மாதம் ஃப்ரிட்ஜ் பில் வரும். அதற்குள் யாருக்காவது டிவி தேவைப்பட வேண்டும். எங்களுக்கு மேல் மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களிடம் இன்னும் பேசவில்லை. நாளை பேச வேண்டும்.