விடியுமுன் திறந்த பால்வாடி

டீச்சர்,

இன்று கடைக்குப் போகும் வழியில், செங்கல்பட்டில் என் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் அங்கன்வாடியிலிருந்து சத்துமாவு வாசனை வந்தது. வெல்லம் கரைத்த வெந்நீரை ஊற்றி மாவைப் பிசையும்போது எழுமே, அந்த வாசனை. உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. வாசலிலேயே நின்றுவிட்டேன். "யாரைப் பாக்கணும் பாட்டி?" என்று ஆயா கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பாட்டி என்கிறார்கள் இப்போது. என்னை டீச்சர் என்று நாள்தோறும் கூப்பிடக் கடைசிவரை இருந்தது நீங்கள் ஒருவர்தான். நானும் உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவளத்துக்குத் தெற்கே அந்த மீனவக் குப்பத்துப் பள்ளியில் நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு தட்டிதான் இருந்தது. நான் கணக்கு, நீங்கள் தமிழ். ஆறாம் வகுப்பு ஸ்டெல்லா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். அப்பா இல்லை. அம்மா அமலி இருட்டோடு கரைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு முதல் பஸ் ஏறிவிடுவார். குப்பத்தில் பால்வாடி இல்லாமல் இல்லை. அது பத்து மணிக்குத் திறக்கும். மழை விட்ட பிறகு விரியும் குடை என்று, பின்னால் நாம் மனு எழுதியபோது நான் உதாரணம் சொன்னேன். "உங்க உதாரணத்தையெல்லாம் மனுவுல எழுத முடியாது டீச்சர்" என்று சிரித்தீர்கள்.

உங்கள் பழைய புடவையில் வகுப்பு ஜன்னலோரம் தூளி கட்டினீர்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "இது பள்ளிக்கூடமா, பிரசவ வார்டா?" என்றார். "ரெண்டு எடத்துலயும் சத்தம் போடக்கூடாது சார்" என்றீர்கள், மெதுவாக.

ஆனால் ஆய்வாளர் வருகிற வாரத்தில் தலைமையாசிரியர் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, தம்பியோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பியை விட்டு அவள் எப்படி வருவாள்? ஆய்வு முடிந்த பிறகும் வரவில்லை. நாம் இருவரும் வீட்டுக்குப் போனோம். அமலி கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர் பண்ண சொல்ற? புள்ளய அலையாண்ட வுட்டுட்டா போவ முடியும்? நான் போவாங்காட்டி இந்த வூட்ல உலை ஏறுமா?"

கதவுக்குப் பின்னால் தம்பியைத் தோளில் தட்டிக்கொண்டே ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், பின்னக் கணக்கு முடிச்சிட்டீங்களா?"

நீ வந்ததும் உனக்காக மறுபடி நடத்துகிறேன் என்றேன். திரும்பும் வழியில் நீங்கள் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தீர்கள். பஸ் ஏறும்போதுதான் சொன்னீர்கள்: "பால்வாடிய விடியறதுக்கு முன்னாடி தொறக்க வைக்கணும் டீச்சர். அப்பதான் இவ வருவா."

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமைகள் பால்வாடிகளைக் கவனிக்கும் செங்கல்பட்டு அலுவலக வராந்தாவில் உட்கார்ந்தோம்! ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேர் சாப்பிட்டோம். கடைசியில் ஓர் அதிகாரி குப்பத்துக்கே வந்து, காலை பத்து மணிக்குப் பஞ்சாயத்துக் கூடத்தில் தாய்மார்கள் கூட்டம் வைத்தார். ஒரு தாய்கூட வரவில்லை. எல்லோரும் மீன் விற்கப் போயிருந்தார்கள். "கேக்கறவங்களே வரலியேம்மா, யாருக்காகத் தொறக்கறது?" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான் சோர்ந்துபோனேன். நீங்கள் இன்னொரு கூட்டம் கேட்டு வாங்கினீர்கள். அதே கூடம், அதே பத்து மணி. முந்தின நாள் கரையில் கூடைக்குக் கூடை போய் என்ன சொல்லி வைத்தீர்களோ, அன்று விடிவதற்கு முன்பே தாய்மார்கள் வரிசையாக வந்து பிள்ளைகளைக் கூடத்தில் இறக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். அதிகாரி வந்தபோது கூடம் முழுக்கக் குழந்தைகள். நான்கு அழுதால் மற்றதெல்லாம் சேர்ந்து அழும். நாற்காலிக்கடியில் ஒன்று, கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்று. ஸ்டெல்லாவின் தம்பி நேராகப் போய் அவருடைய செருப்பைக் கழற்றப் பார்த்தான்.

"இவங்க அம்மாங்கல்லாம் எங்கம்மா?"

"இந்த நேரத்துக்கு எங்க இருப்பாங்களோ அங்கதான் சார். அவங்களுக்குப் பதிலா இவங்க வந்திருக்காங்க."

அவர் அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மாசம் ஏதாவது கட்டணம் வாங்கினால் அனுமதி சுலபம் என்றார். "மீன் படற மாசம் குடுப்பாங்க சார். படாத மாசம் புள்ளய எங்க வைப்பாங்க?" என்றீர்கள். அவர் குனிந்து மடியைப் பார்த்தார். அவருடைய சட்டை நனைந்திருந்தது.

கட்டணம் இல்லாமல் ஆணை வந்தது. ஆனால் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. திறந்த அன்று இருட்டில் பெட்ரோமாக்ஸ் வைத்து, ஆளுக்கொரு சத்துமாவு உருண்டை கொடுத்தார்கள். அமலி சின்னவனைக் கொண்டுவந்து விட்டார். அவருக்குப் பின்னால், தலையில் சின்னக் கூடையோடு ஸ்டெல்லா நின்றாள். அம்மாவோடு அவளும் ஏலத்துக்குப் போகத் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன.

"வகுப்புக்கு வாடி, இனிமே தம்பியை இவங்க பாத்துப்பாங்க" என்று நீங்கள் அவள் கையைப் பிடித்தீர்கள். "சின்னப் பசங்களோட குந்த வெக்கமா கீது டீச்சர்" என்று கையை உருவிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடிவிட்டாள். உங்களைப் பேச அழைத்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகும் அவள் வீட்டுக்குப் போய்ப் போய்ப் பார்த்தீர்கள். அவள் வரவேயில்லை. பணி ஓய்வு பெற்ற பிறகும், பேச்சு எங்கே தொடங்கினாலும், "அவளுக்கு மட்டும் கிடைக்கலியே டீச்சர்" என்றுதான் முடிப்பீர்கள். தம்பி படித்தான், அவனுக்குப் பின் எத்தனையோ பெண்கள் படித்தார்கள் என்று நான் உதாரணங்களை அடுக்குவேன். நீங்கள் தலையாட்டுவீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் போன அன்று, உங்களை எடுத்துக்கொண்டு போனபின் உங்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மதியத்துக்கு மேல் ஸ்டெல்லா வந்தாள். கையில் மீன் வாடை. வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று அழுதாள்.

அழுகை ஓய்ந்த பிறகு, வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "பொண்ணு எங்கடி?" என்றேன்.

"காலைலயே நம்ம பால்வாடில வுட்டுட்டேன் டீச்சர். அங்க வுட்டா எனக்கு ஒரு கவலை இல்ல. அவ நல்லா படிக்கணும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சட்டென்று உள்ளறைப் பக்கம் திரும்பினேன், உங்களிடம் சொல்ல. கட்டிலைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள்.

பிறகு வீட்டில் மகனிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றான். வேறு சிலரிடமும் சொல்லிப் பார்த்தேன். அது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்கு அதைச் சொல்ல நான் ஒரு நாள் பிந்திவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன், டீச்சர். அவளுக்கும் கிடைத்தது.