வாக்கிங் மெஷின் அனுப்ப வேண்டாம்

செங்கோட்டு வேலவர் துணை

திருச்செங்கோடு,
கார்த்திகை 12

அன்புள்ள மதுமதிக்கு அம்மா எழுதுவது. சாப்பாடு, தூக்கம், மாத்திரை மூன்றும் வேளை தவறாமல் நடக்கிறபடியால் நாங்கள் சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் கனடாக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினம் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். உங்கப்பா அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைக்குப் போய்விடுகிறார். நீ அந்த வீட்டை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து எட்டு மாசமாக இதே கூத்துதான், அந்த மாடும் குடித்துக் குடித்து வயிறு ஊதிக் கிடக்கிறது. அப்பாவுக்கு உன்மேல் கோபம் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றியும் எழுத வேண்டும், முதலில் மெஷின் கதையை முடித்துவிடுகிறேன். எழுதினதைப் பக்கத்து வீட்டு மஞ்சுளாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன், படித்தால் படிக்கட்டும்.

உங்கப்பாவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டி, பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. காட்டு வரப்பில் நடந்தால் முள் குத்தினாலும் தெரியாது, அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் தினம் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசிதான், அதையும் அலட்சியம் செய்தால் காலுக்கே கேடு என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். இவர் ரோட்டுக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். ஏன் என்றால் ஊர்க்காரர்கள் மேல் பழி. அதில் பாதி நியாயம்தான். நம் பக்கம் வயசான மனுசன் ரோட்டில் நடந்தால் வண்டிக்காரன் எவனும் தாண்டிப் போக மாட்டான், ‘ஏனுங் மாமா, நடந்து போறீங்க, ஏறிக்குங்க’ என்று நிறுத்திவிடுவான். ஏறாவிட்டால் மாமாவுக்கு நம்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று ஊர் முழுக்கச் சொல்லுவான். இவரும் ஏறுவார். ஏற்றினவன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரை போட்ட டீயும் முறுக்கும் கொடுப்பான், திரும்பும்போது இன்னொருவன் ஏற்றிவந்து வாசலில் இறக்குவான். நடக்கப் போன மனுசன் முப்பது அடி நடந்து மூன்று முறுக்குத் தின்றுவிட்டு வந்தால் சர்க்கரை எங்கே இறங்கும். இதைக் கேட்டுத்தான் நீ மெஷின் வாங்கித் தருகிறேன் என்றாய். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை, நாலு இடத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்துவிட்டேன், இந்த ஜென்மத்துக்குப் போதும்.

முதலில் சூரமங்கலத்தில் உங்க பெரியப்பா கதிர்வேல் வீட்டுக்குப் போனோம். ரயில்வேயில் ரிட்டயர் ஆனதும் வாங்கினாராம், நடக்கிறது ஒன்று, மிதிக்கிறது ஒன்று. மிதிக்கிற சைக்கிளின் மேல் நாலு ஈரத் துண்டும் ஒரு உள்பாவாடையும் தொங்கின, பக்கத்தில் போனால் காயாத துணி வாடை மூக்கைப் பிடுங்கியது. நடக்கிற மெஷினின் கறுப்புப் பட்டையின் மேல் வெங்காய வடகம் பிழிந்து ஃபேனைப் போட்டு வைத்திருந்தாள் உங்க பெரியம்மா சென்னம்மாள். இந்தப் பட்டைதான் சமமா இருக்குது, காக்காயும் வராது என்று பெருமை வேறு. பெரியப்பா வெளியே போட்ட செருப்போடு அதில் நடந்ததைப் போன வருசம் இதே கண்ணால் பார்த்தவள் நான். மத்தியானம் இலையில் அந்த வடகத்தைப் பொரித்து வைத்தாள். நான் அதை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன், உங்கப்பா ஆறு தின்றார். எத்தனை நாள் நடந்தீர்கள் என்று பெரியப்பாவைக் கேட்டேன், வாங்கின மாசம் நடந்தேன் என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து பதினோரு நாள் என்று திருத்தினாள்.

அடுத்தது பள்ளிபாளையம். தங்கமுத்து என்று ஒருவர், தறி ஓட்டுகிறவர், பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னதால் போனோம். பட்டையின் இடுக்கெல்லாம் தலைமுடியும் பவுடரும் சேர்ந்து திரி திரியாக இருந்தது. கைப்பிடியில் யாரோ பிடித்துப் பிடித்து வேர்வை உப்புப் பூத்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தண்ணி பாட்டில் வைக்கிற குழியில் வெற்றிலை எச்சில். இதில் காலை வைத்தால் சர்க்கரை இறங்குகிறதோ இல்லையோ சொறி ஏறும். உங்கப்பா சந்தையில் மாடு பிடிக்கப் போனவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். ஏனுங்க விக்கறீங்க என்று நான் கேட்டேன். ‘எங்க சம்சாரத்துக்கு மூட்டு வலின்னு வாங்குனங்க, இதுல நடந்து வலி எச்சாயிருச்சு’ என்றார் அந்த மனுசன், சிரிக்காமல். இத்தனை யோக்கியமாகச் சொல்கிறவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது, காபி குடித்துவிட்டு வந்தோம்.

பிறகு சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடை. அங்கே அழுக்கு இல்லை, ஆனால் பேச்சு சகிக்கவில்லை. டை கட்டின ஒரு ஆள் பன்னிரண்டு விதமாக ஓடும், இதயத் துடிப்பைச் சொல்லும், பாட்டுப் பாடும், மலை ஏறுகிற மாதிரியே இருக்கும் என்று தேனாக ஊற்றினான். எங்களுக்கு வாசலைத் திறந்தால் மலைதாங்க என்றேன், காதில் வாங்கவில்லை. உங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார், பட்டை ஓட இவரும் ஓட, நின்ற இடத்திலேயே நிற்பதற்கு இத்தனை கரண்டு. செக்குமாடு சுற்றினாலும் எண்ணெயாவது வரும். இறங்கினவர் விலையைக் கேட்கவில்லை. ‘இத உள் ரூம்புல போட்டுக் கதவச் சாத்திக்கலாமுங்களா, சத்தம் வெளிய கேக்குமுங்களா’ என்று கேட்டார். எனக்கு அங்கேயே சுருக்கென்றது. நடக்கப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது. ஒளிந்துகொள்ளப் போகிறவன் கேட்கிற கேள்வி.

பஸ்ஸில் வரும்போது விடாமல் கேட்டேன். சங்ககிரி தாண்டினதும்தான் வாயைத் திறந்தார். வண்டியில் ஏற்றிக்கொள்கிறவன் ஒவ்வொருத்தனும் உன்னைப் பற்றிக் கேட்கிறானாம், பாப்பா மாப்பிள்ளையோடு இருக்கிறதா, எப்போது வருகிறது, விசேசம் ஏதாவது உண்டா என்று. பின்னால் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லாமலும் முடியாது, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கவும் முடியாது. அதனால் ரோடே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். கண்ணு, அந்த வடகத்தைப் பார்த்து வந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை. பெற்ற பிள்ளை புருசனிடம் அடி வாங்கிக்கொண்டு இரண்டு வருசம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு பெட்டியோடு தனியாக வெளியேறி நிமிர்ந்து நிற்கிறது, பெற்றவன் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு மெஷினில் நடக்கப் போகிறானாம். எனக்கு இவரோடு ஒரே சீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை. முன்னால் போய் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு எழுப்பி, செருப்பை எடுத்து முன்னால் போட்டு, நானும் வருகிறேன் நடங்க என்று இழுத்துக்கொண்டு போனேன். கோழிப்பண்ணை தாண்டவில்லை, போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற குமரன் பைக்கை நிறுத்தினான். ஏறிக்குங்க மாமா என்றான், நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அவன் போகிற ஆளா, ‘பாப்பா அங்க தனியாத்தான் இருக்குதுங்களாமா’ என்று இழுத்தான். நான் நன்றாகக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் உங்கப்பா பேசினார். ‘ஆமாப்பா, தனியாத்தான் இருக்குது. எம்புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. மாப்ள ஊட்டுல எத்தன ஏக்கரா, கெணத்துல எத்தன அடி தண்ணி, எத்தன வண்டி ஓடுதுன்னு பத்து ஊரு போயி விசாரிச்சன். பையன் கை நீட்டறவனான்னு ஒரு எடத்துல கேக்கல. தப்பு எம்மேலதான். யாரு கேட்டாலும் இதயே சொல்லு’ என்றார். அவ்வளவு பேச்சை அவர் வாயிலிருந்து நான் கேட்டு எத்தனையோ வருசம் ஆயிற்று. குமரன் வண்டியை அணைத்துவிட்டு, செரீங் மாமா என்று தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் எங்களோடு நடந்து வந்தான்.

ஆக, உன்மேல் கோபம் இல்லை மது, உன் முகத்தில் விழிக்க அவருக்குத்தான் வெட்கம். இதை எட்டு மாசம் கண்டுபிடிக்காமல் கூடவே படுத்து எழுந்த என்னையும் நாலு அறை அறையலாம். அன்றிலிருந்து ஒன்பது நாளாக நடக்கிறார், எனக்கு முழங்கால் வலி, நேற்றிலிருந்து தனியாகத்தான் போகிறார். வண்டிகள் நிற்பது நிற்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன், போனில் பேசிக்கொண்டு நடக்கிறவரை மட்டும் யாரும் ஏறச் சொல்வதில்லை, கையைத் தூக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மெஷினே கெட்டது என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில் முட்டி அளவு பனி என்கிறாய், உனக்குத் தேவையென்றால் வாங்கிக்கொள், ஆறு மாசம் கழித்தும் யார் வீட்டில் அதில் துணி காயவில்லையோ அவர்களிடம் விசாரித்துவிட்டு வாங்கு. ராத்திரியில் ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு படுக்காதே, கம்பு மாவு அனுப்புகிறேன், ஒரு வாய் கூழாவது குடி. இங்கே அனுப்ப ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே வேண்டாமென்று சொல்லிவிடு, மறக்காதே. உன் கையும் காலும் மனசும் கல்லாட்டம் உறுதியாக இருந்து, நீ நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி.

இங்கே காலை ஆறு மணி என்றால் உனக்கு ராத்திரி ஏழரை. அவர் சட்டைப் பையில் போனைப் போட்டுத்தான் அனுப்புகிறேன், ரோட்டில் மாடும் இல்லை கொல்லையும் இல்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் நாலைந்து நாள் ஒன்றும் பேச மாட்டார், மூச்சு வாங்குகிற சத்தம்தான் கேட்கும். வைத்துவிடாதே, முக்கால் மணி நேரமும் நீயே பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா
சௌந்திரம் மருதாசலம்