லாரிப் பட்டி பூசிய படகு

ஆடி 17, இரவு.

அப்பாவின் மோட்டார் படகை நாளை காவிரியில் இறக்கப் போகிறார்கள். நான் ஆறாவது படித்தபோது பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அவருக்கு அந்தப் படகுதான். முதல் சுற்றில் அம்மாவும் தம்பியும் போகவேண்டுமாம். இருவருக்கும் நீச்சல் தெரியாது.

பூஜைக்காக மத்தியானம் படகைக் கழுவினேன். உள்ளே நின்ற தண்ணீரைத் துடைத்தபோது, அடியில் வெடிப்பை அடைத்திருந்த பட்டி ஈர மாவு போல விரலோடு வந்தது. அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. லாரித் தகரத்தில் பள்ளம் நிரப்பப் பூசுகிற பட்டியையே படகுக்கும் பூசியிருக்கிறார்.

"ஏனுங்கப்பா, இது தண்ணியில ஊறுதுங்க" என்றேன்.

"இந்தப் பட்டி போட்ட வண்டி அசாம் மழையிலயே நிக்குது சாமி. நம்ம காவேரி என்ன பண்ணிரும்?" என்று சிரித்தார். மறுபடி பூசி, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "நல்ல நாளும் அதுவுமா வாயை வெக்காத. உங்கப்பனுக்குக் கோவம் வந்தா என்னாகும்னு தெரியுமில்ல?" என்றாள். தெரியும்.

சாயங்காலம் அப்பாவும் தம்பியும் பூ வாங்கப் போனபோது, ஸ்க்ரூடிரைவரால் பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்தேன். வெடிப்பு வழியாகக் கீழே தரை தெரிந்தது.

இப்போது போர்வைக்குள் எழுதுகிறேன். படகு நிற்கும் ஷெட்டில் அப்பா விளக்கைப் போட்டுவிட்டார். அம்மாவை அதட்டுகிறார். "எனக்குத் தெரியாதுங்க, நான் தொடவே இல்லீங்க" என்று அவள் அழுகிறாள். நான் எழுந்து போகவேண்டும்.