டாக்கரி கடையில் ஒரு நாற்காலி

ஜூலை 2, 1964. வியாழன்

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டார். கறுப்பர் என்று சொல்லி எந்தச் சாப்பாட்டுக் கடையும் இனி எங்களை வெளியே நிறுத்தக் கூடாதாம்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் ஹோசியா வெள்ளைக்காரன் டாக்கரியின் பார்பெக்யூ கடையில் பன்றி சுடுகிறான். முழுப் பன்றி, ராத்திரி முழுக்க விறகுத் தணலில். அவன் பெண்டாட்டி நான், பின்பக்க ஜன்னலில் பொட்டலம் வாங்கி வெயிலில் நின்று தின்கிறேன். "நான் உள்ளே வந்து உட்காரப் போறேன்" என்றேன். கேட்காத மாதிரி பூட்ஸைக் கழற்றினான்.

ஜூலை 4. சனி

போகவில்லை. "இன்னைக்கு விடுமுறைக் கூட்டம்டி. என் தலையை உருட்டிடாதே" என்றான்.

ஜூலை 5. ஞாயிறு

சர்ச்சிலிருந்து வரும் வழியெல்லாம் சண்டை. எனக்குப் பள்ளிக்கூடச் சமையல் வேலை செப்டம்பரில்தான் மறுபடி. அதுவரை அவன் சம்பளம்தான்.

"நீ பாட்டுக்கு ஒரு தட்டு தின்னுட்டு வந்துடுவே. மறுநாளே டாக்கரி என்னைப் போடான்னுடுவான். அப்புறம் எதைத் தின்போம், சட்டத்தையா?"

நானாவது வாயை மூடுவதாவது! "ஊரே சப்புக்கொட்டுற கறி, உன் கைக்கறி. உன் பொண்டாட்டிக்கு அங்கே ஒரு நாற்காலி கிடையாது. ரோசமே இல்லையா உனக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது. கார் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். நான் கேட்டது தப்பா? அவன் பயந்தது தப்பா? இரண்டும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஜூலை 7. செவ்வாய்

பேச்சு வார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அவனே எழுந்து எடுத்துக்கொள்கிறான்.

ஜூலை 11. சனி

போய்விட்டேன்.

நீலக் கவுன், தொப்பி, சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைக் கையுறை. முன்வாசல் வழியாக. ஓர மேஜையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிற பெண் நெல்டா, முதலாளி டாக்கரியைப் பார்த்தாள். டாக்கரி தரையைப் பார்த்தான்.

"கறி தீர்ந்துபோச்சு" என்றான். பக்கத்து மேஜைத் தட்டுகளில் ஆவி பறக்கிறது!

"பரவாயில்லை. அடுத்த பன்றி வேகட்டும், இருக்கேன்." என் குரல்தானா அது?

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சமையல்கட்டுக் கதவு திறந்தது — ஹோசியா. அந்தக் கதவைத் தாண்டி அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. உடம்பெல்லாம் கரி, கொழுப்பு. கையில் ஒரு தட்டு. கொத்திய கறி, வினிகரும் மிளகாயும் தூக்கலாக, மொறுமொறுவென்று தோல், முட்டைக்கோஸ், பொரித்த சோளமாவு உருண்டை. என் முன்னால் வைத்தான்.

"சூடா இருக்கு. மெதுவா சாப்பிடு."

"டேய் ஹோசியா!" டாக்கரி கத்தினான். இவனைவிட எத்தனையோ வயது சின்னவன் அவன்.

"கறி தீரலைங்க ஐயா. இன்னும் நிறைய கிடக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தின்றேன். யாரும் கிட்டே வரவில்லை, யாரும் அடிக்கவில்லை. கடவுளே, எவ்வளவு பயந்தேன்!

ஜூலை 12. ஞாயிறு

வேலை போகவில்லை. டாக்கரிக்குத் தணல் பார்க்கத் தெரியாது, அதுதான் காரணம். "போகும், கொஞ்சம் பொறு" என்கிறான் ஹோசியா. துவைக்கிற கூடையில் என் கையுறையைப் பார்த்துவிட்டான், விரலெல்லாம் எண்ணெய்க் கறை. "கையுறையோடவா தின்னே?" கழற்ற மறந்துவிட்டேன் என்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தான்.

ஜூலை 18. சனி

பகல் பதினோரு மணிக்கே வண்டிச் சத்தம். சனிக்கிழமை இந்நேரம் அவன் வீட்டுக்கு வருவானா? கறி கொத்துகிற தன் சொந்தக் கத்தியைத் துணியில் சுற்றி அக்குளில் இடுக்கியிருந்தான்.

டாக்கரி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டானாம். இனி கடைக்குள் யாருமே உட்காரப் போவதில்லை, வெள்ளைக்காரர்களும்தான். எல்லாருக்கும் ஜன்னல், எல்லாருக்கும் பொட்டலம். மேஜை நாற்காலியையெல்லாம் லாரியில் ஏற்றச் சொல்லியிருக்கிறான்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கிட்டானா?"

"இல்லை. மேஜையைத் தூக்குடான்னான். இத்தனை வருஷம் பன்றி தூக்கினேன், விறகு தூக்கினேன். என் பொண்டாட்டி உட்கார்ந்த மேஜையைத் தூக்க மாட்டேன்னுட்டேன்."

அழுதேன், எதற்கென்று தெரியவில்லை. இரண்டு பன்றி வெந்து கிடக்கிறதே, யார் கொத்துவார்கள் என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"அது டாக்கரி பாடு. பசிக்குது ஓடெஸா."

செப்டம்பர் வரைக்கும் என்ன செய்யப் போகிறோமோ, பயமாகத்தான் இருக்கிறது. முட்டை பொரித்தேன், ரொட்டி எடுத்து வைத்தேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிட்டோம். சனிக்கிழமையில் இதுதான் முதல் தடவை.