ஃபைஸாவின் பதிவுக்கு வராத கமெண்ட்

ஃபைஸாவின் அத்தாவுக்கு,

ஸலாம். நேற்றுச் சண்டை போட்டோம் என்பதற்காக ஸலாம் சொல்வதை விட முடியுமா?

மீன் ஆணம் சட்டியில் இருக்கிறது, சுடவைத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். விடுமுறை வகுப்பில் பிள்ளைகள் எழுதிய வலைப்பூவை இன்று பன்னிரண்டு மணிக்குத் திரையில் காட்டுகிறோம். நம் மகளுடையதும் உண்டு.

“அத்தா லீவுல வந்தா வூட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி இருக்கு” என்று அவள் எழுதியது துபாய்வரை போய், அங்கே உங்களோடு தங்கியிருக்கும் ரூம்காரர்கள் சிரித்தார்களாம். “டீச்சர் நீதானே, அழிச்சுடு” என்று கத்தினீர்கள். அழிக்க மாட்டேன். உங்களுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டில் முதல் பாதிதான் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன். முழுதும் படியுங்கள். அப்புறமும் அழிக்கத் தோன்றினால் நீங்களே அழியுங்கள். ஆனால் அவள் தூங்கும்போது வேண்டாம், எழுந்த பிறகு அவள் கண் முன்னால் செய்யுங்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டு சாகிராவிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் வாருங்கள். வருவதாக இருந்தால்.

இர்பானா

பி.கு: ஒவ்வொரு பதிவுக்கும் முதல் கமெண்ட் வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. நான் போடப் போனேன். “நீ போடாதம்மா, அது அத்தாவோட இடம்” என்று ஃபைஸா தடுத்துவிட்டாள். பத்து நாளாக அது காலியாகவே கிடக்கிறது.