கொட்டகையைத் திறக்கச் சொன்னேன்

ஜூலை 2, வெள்ளி
மேக்க இருந்து கச்சான் காத்து. வாயெல்லாம் மணல். ரேஷன்ல அரிசி மட்டும், பருப்பு இல்லையாம்.

சாயங்காலம் ஊர்க் கமிட்டி. கொரோனாவுக்கு மூடின மீன் ஏலக் கொட்டகையைத் திறக்கலாமா, வெளியூர் வியாபாரிகளை விடலாமா. மகளிர் குழுத் தலைவின்னு என்னையும் கூப்பிட்டாங்க.

திறந்தா மீனுக்கு வெலை. அடுப்பு எரியும். பிடிச்ச நண்டு கரையில கிடந்து நாறாது.
திறந்தா காய்ச்சலும் லாரி ஏறி வரும்.

பக்கத்து வீட்டு பிலோமி மதினி எந்திரிச்சுச்சு. "இன்னும் கொஞ்சம் பொறுங்கய்யா. எங்க வீட்டு மனுசனுக்கு ஏற்கனவே நெஞ்சு பழுது."

நான்தான் பேசினேன். "கஞ்சிக்கு வழியில்லாத வீடு எதெதுன்னு எனக்குத் தெரியும். திறங்க."

மதினி என் மொகத்தையே பாத்துச்சு. பெறகு உக்காந்துருச்சு. திறக்கிறதுன்னு முடிவு.

ஜூலை 3, சனி
தலைவலி. சொன்னது பொய்யில்ல. ஆனா புள்ளைக பசியா அப்ப கண்ணுல வந்துச்சு? மீன் வாங்க ஆளில்லைன்னு எங்க வீட்டுக்காரரு கடலுக்கே போகாம வீட்டுல கிடக்காரு. தொட்டதுக்கெல்லாம் அடி. இந்த மனுசன் வாசலைத் தாண்டினாப் போதும்னுதான் வாயைத் திறந்தேன்.

ஜூலை 6, செவ்வாய்
இவரு கடலுக்குப் போயாச்சு. வீடு அமைதி. ஒரு வாய் சோறு ருசிச்சுத் தின்னேன்.

கொட்டகையில ஒரே கூட்டம். "மாஸ்க்க மேல ஏத்துங்கய்யா"ன்னேன். "மீனை மோந்து பாக்க வேணாமாக்கா?"ன்னாரு ஒரு வியாபாரி. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்.

ஜூலை 14, புதன்
பிலோமி மதினி வீட்டு அந்தோணி அண்ணனுக்குக் காய்ச்சல், மூச்சு முட்டல். ராம்நாட்டுக்கு ஆம்புலன்ஸ். மதினி மட்டும் கூட ஏறிச்சு. நான் ஜன்னலை விட்டு நகரல.

ஜூலை 19, திங்கள்
அண்ணன் போயிட்டாரு. பெட்டியைத் திறக்க விடல. கல்லறையில அஞ்சாறு பேரு.
கொட்டகையில இன்னைக்கும் நல்ல ஏலம். எந்தப் பக்கம் நின்னு யோசிச்சாலும் தராசு ஆடுது.

ஜூலை 30, வெள்ளி
மதினி கூடையோட ஏலத்துக்கு வந்துச்சு. கிட்ட போயிச் சொல்லிட்டேன். "மதினி, அன்னைக்கு நான் ஊருக்காக மட்டும் பேசல. இவரு வீட்டை விட்டுக் கிளம்பணும்னுதான்..."

"தெரியும் தாயி. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒத்தச் சுவருதான. நீ அடி வாங்குறதெல்லாம் கேக்கும். அதான் அன்னைக்கு நான் மேக்கொண்டு பேசல."

கூடையை இடுப்புல வச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.