பட்டுப்போன மூன்று ஓக் மரங்கள்

ஃபெர்கஸ் ஃபால்ஸ், மினசோட்டா
பிப்ரவரி 3, 1994

மதிப்பிற்குரிய கேப்டன் ஓடீல் பில்யோ அவர்களுக்கு,

லூசியானாவிலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். வாசல் கதவைத் திறக்கவே பனியை வெட்டித் தள்ள வேண்டியிருந்தது. மாவு புளித்து எழும்புவதற்குள் இந்தக் கடிதத்தை முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்கு இன்று ரொட்டி கிடையாது.

உங்கள் படகில் முதல் மூன்று நாளும் ஒரு மீன்கூட என் தூண்டிலைச் சீண்டவில்லை என்பதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாளைப் பற்றித்தான் ஓயாத பேச்சு. வடக்குக் காற்று சதுப்பிலிருந்த தண்ணீரையெல்லாம் வளைகுடாவுக்குள் தள்ளிவிட்ட காலை அது. நீங்கள் அரை மைலுக்கு முன்பே எஞ்சினை அணைத்துவிட்டு, நீளக் கழியால் படகைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். கழி சேற்றில் இறங்குவதும் எழும்புவதும்கூடக் கேட்கவில்லை. அதை என் ரொட்டிக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துடைப்பத்தை வைத்து நடித்துக் காட்டுகிறேன்.

“இழுக்காதீங்க, அப்படியே கெடக்கட்டும்” என்றீர்கள். “குளிர்ல கெடக்குற மீனு இது. வாயைத் தொறக்கவே யோசிக்கும்.” என் கையில் ஒன்றுமே தெரியவில்லை. தூண்டில் நரம்பு கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். “இப்ப!” என்றீர்கள். கோல் என் கையில்தான் இருந்தது. படகின் மறுகோடியில் நின்ற உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஏழு பவுண்டு புள்ளி ட்ரவுட் மீன். என் வாழ்நாளில் நான் பிடித்த ஒரே உருப்படியான மீன்.

திரும்பும் வழியில் வெயில் பட்ட சேற்றுத் திட்டில் ரெட்ஃபிஷ் கூட்டத்தைக் காட்டினீர்களே, முதுகு வெளியே தெரிய, வாலில் கரும்புள்ளியோடு! இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. உங்களைப் போல வேலை தெரிந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

என் கேமராவை வாங்கி நீங்கள் எடுத்த படம் ஸ்டுடியோவிலிருந்து வந்துவிட்டது. கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். தனியாக இருக்கிறவனுக்கு மாட்ட வேறு என்ன படம் இருக்கிறது? கூடவே ரை தானிய ரொட்டி இரண்டு அனுப்புகிறேன்.

இன்னும் அந்த மீன் நினைவிலேயே இருக்கும்,
ஆர்விட் ஸ்டென்ஸ்ருட்


பாயின்ட்-ஓ-ஷேன், லூசியானா
பிப்ரவரி 20, 1994

அன்புள்ள ஸ்டென்ஸ்ருட் அவர்களுக்கு,

ரொட்டி வந்தது, கல்லாக. பக்கத்து வீட்டு அல்சீட் தட்டிப் பார்த்துவிட்டு, “நங்கூரம் வாங்குற செலவு மிச்சம்” என்றான். அப்புறம் கம்போ குழம்பில் முக்கி முக்கி ஒரு ரொட்டியை முழுசாகத் தின்றுவிட்டான். தினமும் காலையில் என் வீட்டுக்குக் காபி குடிக்க வருவான். இப்போது “நங்கூரம் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைகிறான்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் போன இடத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். இறால் சீசன் முடிந்து வலைகள் கொட்டகையில் தூங்கும் மாதங்களில், எங்கள் கால்வாய்க் கரையில் ஆறு வீடுகளுக்கு அந்த ஆழமான தண்ணீர்ப் பள்ளம்தான் சோறு போடுகிறது. தண்ணீர் வற்றினால் சுற்றுவட்டார மீனெல்லாம் அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும். வீட்டுக்கு இரண்டு, மூன்று மீன், அதற்கு மேல் யாரும் எடுப்பதில்லை. அல்சீட்டின் ஓட்டைப் படகு அதைத் தாண்டிப் போகவும் போகாது. வாடிக்கையாளர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவதில்லை என்று எல்லோருமாகப் பேசி வைத்திருக்கிறோம். நானும் இருபத்திரண்டு வருடம் அதை மீறியதில்லை.

மூன்று நாள் வெறுங்கையோடு நின்றும் நீங்கள் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. கரையேறும்போது வழுக்கித் தண்ணீரில் விழுந்தபோதும் சிரித்தீர்கள். அதில்தான் என் புத்தி தடுமாறிவிட்டது.

ஜனவரியில் வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

ஓடீல் பில்யோ


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
நவம்பர் 14, 1994

அன்புள்ள கேப்டன் ஓடீல்,

ஜனவரி 24 முதல் 27 வரை. கடைக்குப் பூட்டுப் போடுகிறேன் என்று இப்போதே பலகை எழுதி வைத்துவிட்டேன். ஊரே திட்டுகிறது.

கோடை முழுக்க உங்கள் கடிதங்கள் வந்தது இந்தக் கடைக்குள் யாரோ கூட இருப்பது போல இருந்தது. அல்சீட்டின் எஞ்சின் நின்றுபோன கதையை நான்கு முறை படித்தேன்.

உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன். நியூ ஆர்லியன்ஸ் மீன்பிடிப் பத்திரிகையின் டிசம்பர் இதழை வாங்கிப் பாருங்கள், வாசகர் பக்கம். உங்களைப் போன்ற ஒருவரை நாலு பேருக்குக்கூடத் தெரியவில்லையே என்ற ஆதங்கம்தான். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன். இடத்தின் பெயரையோ வழியையோ ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஆர்விட்


பாயின்ட்-ஓ-ஷேன்
டிசம்பர் 19, 1994

திரு. ஸ்டென்ஸ்ருட்,

பார்த்தேன். நான் மட்டுமில்லை, மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜ் வரைக்கும் பார்த்துவிட்டார்கள்.

நீங்கள் பத்திரிகைக்கு அனுப்பிய படத்தில் உங்கள் மீனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்போதாவது கவனித்தீர்களா? பட்டுப்போன மூன்று ஓக் மரங்கள். நடு மரம் பாதியில் முறிந்தது. பக்கத்தில் சாய்ந்த மின்கம்பம். எங்கள் பக்கம் படகு ஓட்டுகிற எவனும் அதைப் பார்த்த மறுநிமிடம் எஞ்சினைக் கிளப்பிவிடுவான். இங்கே மீனைப் படம் எடுத்தால் பின்னால் புல் மட்டும்தான் தெரிய வேண்டும். தூண்டில் பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும்.

பத்தாம் தேதி சனிக்கிழமை பதினேழு படகுகள் வந்தன. அதற்கு அடுத்த நாள் இருபத்தி மூன்று. தண்ணீர் வற்றியிருந்ததால் மீன்கள் தப்பிப் போக வழியில்லை. பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். திங்கட்கிழமை அல்சீட் போய் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, காலி வாளியோடு திரும்பினான்.

தூண்டில் இரை விற்கும் கடைக்காரன் குளோவிஸ் எல்லோர் முன்னாலும் கேட்டான்: “என்ன ஓடீல், பத்திரிகையில பேர் வரணும்னு பள்ளத்தையே தூக்கிக் குடுத்துட்டியாமே?” அந்தப் படத்துக்குக் கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட வைத்திருக்கிறீர்களே, நான் என்ன பதில் சொல்ல?

அல்சீட் காபிக்கு வருவதில்லை. பதினாறு வருடமாக வந்தவன். என் புருஷன் டெக்சஸ் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறேன் என்று போய் ஒரு வரிகூட எழுதாமல் இருந்த காலத்தில், தினமும் காலையில் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவன்தான்.

ஜனவரி நாட்களை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். வர வேண்டாம்.

ஓ. பில்யோ


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
டிசம்பர் 27, 1994

அன்புள்ள கேப்டன் ஓடீல்,

படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். பத்து மாதம் தினமும் பார்த்த படம். அதில் நான் என்னையும் மீனையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் மரங்கள் கண்ணில் பட்டன. என்ன மனிதன் நான்!

உங்களைப் புகழ்கிறேன் என்று உங்கள் வீட்டுக் கூரைக்கே தீ வைத்துவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பியது நான், கேட்காமல் அனுப்பியதும் நான். இதில் உங்கள் பங்கு எதுவுமே இல்லை.

வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. ஆனால் அல்சீட் உங்கள் கதவைத் தட்ட என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், செய்கிறேன்.

தலை குனிந்து,
ஆர்விட்


ஃபெர்கஸ் ஃபால்ஸ்
ஜனவரி 12, 1995

அன்புள்ள கேப்டன் ஓடீல்,

பதில் வராது என்று தெரிந்தும் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். “மாவு பொங்கி வழியுது, போய் வேலையப் பாருங்க” என்கிறார் அவர்.

உங்களைக் கேட்காமல் மறுபடியும் ஒன்று செய்துவிட்டேன். உங்கள் ஊர் தூண்டில் இரைக் கடை முகவரிக்கு, குளோவிஸ் பெயருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லோரும் படிக்கும்படி ஒட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் எழுதியிருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரிய வரும். கோபம் வந்தால் திட்டி எழுதுங்கள். திட்டாக இருந்தாலும் உங்கள் கையெழுத்து என்று வைத்துக்கொள்வேன்.

இதுவே கடைசிக் கடிதமாக இருந்தால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தைந்து வயதுவரை நான் பார்த்த அழகான காரியங்கள் இரண்டுதான். ஒன்று, என் அம்மா மாவு பிசைவது. இன்னொன்று, நீங்கள் சத்தமில்லாமல் கழி ஊன்றுவது.

ஆர்விட்


பாயின்ட்-ஓ-ஷேன்
ஜனவரி 30, 1995

அன்புள்ள ஆர்விட்,

உங்கள் கடிதத்தைக் குளோவிஸ் கடைக் கதவில், அலை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஊரே நின்று படித்தது. நான் கடைசியாகத்தான் பார்த்தேன். ‘கேப்டன் ஓடீல் என்னை அந்தப் பள்ளத்துக்கு அழைத்துப் போகவே இல்லை. நாலாம் நாள் மாலை அவருக்குத் தெரியாமல் வாடகைப் படகு எடுத்து, பனிமூட்டத்தில் நானாக வழி தவறிப் போய்ச் சேர்ந்தேன். தானாக எடுக்கும் கேமராவைப் படகில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டேன்.’ இப்படி எழுத உங்களுக்குக் கூசவில்லையா?

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். அல்சீட். ஒரு மாதத்துக்குப் பிறகு. நேரே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காபி ஊற்றினேன். எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, ஆர்விட். ஆனால் அது பொய்யால் வந்தது, என் காபியைத் தொடாமலே எழுந்துவிட்டேன்.

அல்சீட்டைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளோவிஸின் பென்சிலை வாங்கி உங்கள் கடிதத்துக்குக் கீழே எழுதினேன்: ‘இது பொய். கூட்டிக்கொண்டு போனது நான். படம் எடுத்ததும் நான். ஓடீல்.’

அங்கே நின்ற ஐந்தாறு பேரும் குனிந்து படித்தார்கள். அல்சீட்தான் முதலில் சிரித்தான்.

“எங்களுக்குத் தெரியாதாக்கும்? கரையில எறங்கத் தெரியாம தண்ணியில விழுந்த ஆளு, பனிமூட்டத்துல தனியா படகு ஓட்டிப் பள்ளத்துக்குப் போனானாம்! எஞ்சின் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா அவனுக்கு?”

“அப்ப எதுக்குடா காபிக்கு வந்த?” என்று கேட்டேன்.

“ஒருத்தன் உனக்காக இவ்வளவு கேவலமா பொய் சொல்றான்னா, நாம முறைச்சுக்கிட்டு இருக்குறது நல்லாவா இருக்கும்?”

அதற்காக என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. ஆறு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசினார்கள். மார்ச் வரை நான் தூரத்து ஏரிக்குப் போய், வாரம் இரண்டு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் மீன் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நியாயம்தான், ஒப்புக்கொண்டேன். அடுத்த குளிருக்குள் பள்ளத்துக்கு மீன் திரும்பிவிடும் என்கிறார்கள். நேற்று நானே கழி ஊன்றிப் போய்ப் பார்த்தேன். ஆழத்தில் சின்னச் சின்னதாக நாலைந்து நிழல் அசைந்தது. தூண்டில் போடாமல் திரும்பிவிட்டேன்.

உங்களுக்கும் தண்டனை உண்டு. அல்சீட்டின் தீர்ப்பு: “அந்த ரொட்டிக்காரன் நேர்ல வந்து ஆறு வீட்டுக்கும் நங்கூரம் சுட்டுக் குடுக்கட்டும். தபால்ல வேணாம், சூடா வேணும்.” குளோவிஸ் கடைக்குப் பின்னால் பெரிய அடுப்பு இருக்கிறது. பிப்ரவரி 21 முதல் 24 வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். மூன்று நாள் மீன் கிடைக்காது. நான்காம் நாளும் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன். தடித்த கையுறை கொண்டுவாருங்கள். கேமராவைக் கொண்டுவராதீர்கள்.

உங்கள் டிசம்பர் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். ‘படத்தை எடுத்ததே நீதானே’ என்று ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். இல்லை. குளோவிஸுக்கு எழுதியதிலும் இல்லை. நான் அவ்வளவு திட்டியும் நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.

அதனால் நான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் படம் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் பின்னால் என்ன தெரிகிறது என்றுதான் பார்ப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. நீங்கள் அந்த மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் உங்கள் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடீல்